லீவு நாளில் சமையல்காரர் எங்கே சாப்பிடுவார்

ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் நிற்கிறவரை, உடன் வேலை செய்கிறவர்கள் ‘நாக்கு’ என்று கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகத்தான். அவரும் சளைக்காமல் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பெயர் வாயாடி என்பதால் வரவில்லை. பெட்டியை இறக்கிவைத்த கையோடு விருந்தாளிகள் கேட்கிற கேள்விக்கு அந்த வட்டாரத்தில் சரியான பதில் அவரிடம்தான் உண்டு.

“பக்கத்துல நல்லா சாப்பிட எங்க போகலாம்? நல்ல ஒயின் எங்க கிடைக்கும்?”

அவர் விளம்பரப் பலகையை நம்புவதில்லை. பத்திரிகையில் வருகிற நட்சத்திரங்களையும் நம்புவதில்லை. அவருக்கு ஒரே ஒரு விதி. சமையல்காரர் தன் லீவு நாளில் எந்தக் கடையில் போய் உட்காருகிறாரோ, அதுதான் நல்ல கடை. அதற்காக வேலைக்கு வரும்போது முன்தெருவில் வராமல் உணவகங்களின் பின்சந்து வழியாக வருவார். காய்கறிக் கூடை இறங்குகிற இடத்தில் நின்று, உருளைக்கிழங்கு உரிக்கிற ஆளிடம், “நேத்து லீவாச்சே, எங்க சாப்ட்டீங்க?” என்று விசாரிப்பார். ஒயின் கடையையும் இப்படித்தான் கண்டுபிடித்தார். பெரிய ஓட்டல்களில் ஒயின் ஊற்றுகிறவர்கள் தங்கள் வீட்டுக்குப் பாட்டில் வாங்குவது சலவைக்கடைக்குப் பின்னால் இருக்கும் ஒரு இருட்டுக் கடையில். பாட்டில்கள் வெயில் படாமல் படுத்துக் கிடக்கும். கடைக்காரம்மா, “முதல்ல என்ன சாப்பிடப் போறேன்னு சொல்லு, அப்புறம் பாட்டிலைத் தொடு” என்று அதட்டுவார்.

ஊருக்கெல்லாம் வழி சொல்கிற இந்த மனிதர் தினமும் சாப்பிடுவது வட்டாரத்திலேயே மோசமான சாப்பாட்டை.

மனைவியின் அண்ணன் நடத்துகிற உணவகத்தின் மாடியில்தான் குடியிருப்பு. ஒற்றை அறை. சமையலறைப் புகைபோக்கி அவர்களுடைய ஒரே ஜன்னலுக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டிருக்கும். துவைத்த சட்டையிலும் எண்ணெய் வாடை. மாடிப்படி உணவகத்தின் கூடத்துக்குள் இறங்குகிறது. வெளியே போக வேண்டுமென்றால் மேசைகளுக்கு நடுவே நடந்து, கல்லாவில் இருக்கும் மச்சானைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“மாப்பிள்ளை, இன்னைக்காவது யாரையாவது அனுப்புவீங்களா? இல்ல, ஊரான் கடைக்கே தாரை வார்ப்பீங்களா?”

“பார்க்கறேன் மச்சான்.”

“கண்ணாலே பார்த்தா போதாது. கையைக் காட்டி அனுப்பணும்.”

திரும்பி வரும்போதும் அதே கல்லா, அதே முகம். தலைவலி என்று சீக்கிரம் வந்தால் ஏன் என்று கேட்கும். ஒரு ரொட்டிப் பொட்டலம் வெளியிலிருந்து வாங்கி வந்தால், “நம்ம கடையில ரொட்டி தீர்ந்துபோச்சா?” என்று கேட்கும். ராத்திரி விற்காமல் மிஞ்சியது மாடிக்கு வரும். அங்கே சமைக்கிற மாஸ்டருக்கு உப்பு ஒன்றுதான் தெரிந்த மசாலா.

மனைவி அதே சமையலறையில் பாத்திரம், காய்கறி, எடுபிடி எல்லாம். சாயங்காலம் நாலு மணிக்கு, வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் பின் அடுப்பில் அவள் ஒரு பாத்திரம் சமைப்பாள். கையில் கிடைத்ததைப் போட்டுச் செய்வதுதான். அதைப் பாத்திரத்தோடு வழித்துச் சாப்பிடுவார்கள். மாஸ்டரும் சாப்பிடுவார். மச்சானும் அதைத்தான் சாப்பிடுவார். தன் கடை மெனுவைத் தொட மாட்டார். அதை ஏன் விற்கக்கூடாது என்று ஒருமுறை யாரோ கேட்டதற்கு, “வீட்டுச் சாப்பாட்டுக்கு எவன் வெளிய வந்து உட்காருவான்?” என்று சிரித்துவிட்டார். நாலு மணிக்கு நாக்கு விடுதி மேசையில் நிற்பார். வீடு திரும்பும்போது பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும்.

கடைசியில் ஒரு வழி பிறந்தது. பள்ளிக்கூட கேன்டீன் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. பகல் வேலை மட்டும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சின்ன வீடு, அடுத்த மாதம் முதல் தேதி சாவி. அவள் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்து சொன்னது ஒரே வாக்கியம்: “தனி வாசல்ங்க.” திங்கட்கிழமை கேன்டீனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அண்ணனிடம் சொல்ல வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்த அண்ணன். ஞாயிற்றுக்கிழமை மதியம், கடை மூடியிருக்கும் நேரத்தில் சொல்வது என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை லென்ஸ்காரர் வந்து இறங்கினார். மூக்குக்கண்ணாடி லென்ஸ் விற்க வருஷா வருஷம் வருகிறவர். இந்த முறை மனைவியையும் கூட்டி வந்திருந்தார்.

“தம்பி, நாளைக்குக் காலைல கிளம்பறோம். இவளுக்கு இதுதான் இந்த ஊர்ல முதல் சாப்பாடு. உங்க வாயைத்தான் நம்பி வந்திருக்கேன்.”

“வாயை இல்ல, நாக்கைன்னு சொல்லுங்க” என்றார் அறைச்சாவி எடுத்துக் கொடுத்த சக ஊழியர்.

நாக்கு வழக்கமான கடையின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். காலையில் கல்லாவில் பார்த்த முகம் நினைவுக்கு வந்தது. இரண்டு நாளில் அந்த முகத்துக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். நல்ல விருந்தாளியை அனுப்பினால் மச்சான் குளிர்ந்துபோவார், பேச்சு சுலபமாகும். ஆனால் மாஸ்டர் சமையலை இவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? அப்போதுதான் அவருடைய சொந்த விதி அவரையே மடக்கியது. அந்தக் கடை மாஸ்டர் என்ன சாப்பிடுகிறார்? ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மனைவிக்குப் போன் செய்தார்.

“பின் அடுப்புல இருக்கறதுல ரெண்டு பேருக்கு எடுத்து வை.”

“யாருக்கு? அண்ணன் கண்ணுல பட்டா என்ன சொல்றது?”

“படட்டுமே. ஞாயித்துக்கிழமை நமக்கு நல்லதுதானே.”

மறுமுனையில் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, “யோசிச்சுத்தான் பண்றீங்களா?” என்றாள்.

“ரெண்டு நாள்தான், விடு.”

அன்றைக்குப் பாத்திரத்தில் என்ன என்று அவளிடம் கேட்டுக்கொண்டு, லென்ஸ்காரரிடம் விவரமாகச் சொன்னார். முதலில் சலவைக்கடைக்குப் பின்னால் போய், தக்காளியில் வேகவைத்த இறைச்சியும் பயறும் சாப்பிடப் போகிறோம் என்று சொல்லி ஒரு பாட்டில் வாங்க வேண்டும். உணவகத்தில் மெனு கார்டைத் திறக்கவே கூடாது. “உள்ள வேலை செய்றவங்க சாப்பிடறது இருக்கான்னு மட்டும் கேளுங்க.”

கேட்டார்கள். சாப்பிட்டார்கள். லென்ஸ்காரரின் மனைவி ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்துவிட்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி, “இதைச் செஞ்ச கையைப் பார்க்கணும்” என்றார். பக்கத்து மேசைக்காரர் தன் தட்டைத் தள்ளிவிட்டு அதையே கேட்டார். சனிக்கிழமை அந்த மேசைக்காரர் தன் அலுவலகக் கூட்டத்தையே அழைத்து வந்தார். மாடியிலிருந்து இறங்கிய நாக்குக்கு மேசைகளுக்கு நடுவே கால் வைக்க இடமில்லை. மச்சான் கல்லாவிலிருந்து எழுந்து வந்து தோளில் கை போட்டார். கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறை.

“மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்!”

நாக்கு மனைவியைத் தேடினார். அவள் பின் அடுப்பில் பெரிய பாத்திரத்தை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் கீழே இறங்குவதற்கு முன் மச்சானே மேலே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை. அந்த அறையில் அவர் உட்காரக் கட்டிலைத் தவிர வேறு இடமில்லை. உட்கார்ந்தார்.

“தங்கச்சி, மாஸ்டரை நேத்தே கணக்கு முடிச்சு அனுப்பிட்டேன். இனிமே முன் அடுப்பு உன்னோடது.”

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“இந்தக் கடையை மூடிடலாம்னு எத்தனையோ நாள் இருந்தேன். உன்கிட்ட சொல்லலை. நீ பயப்படுவே. இப்ப நீ இருக்கேங்கிற தைரியம்தான்.” அவருடைய குரல் கரகரத்தது. அது நடிப்பில்லை, அதுதான் பெரிய தொல்லை. “உனக்கு ஏதாவது வேணுமா? சொல்லு.”

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. அவள் கணவனைப் பார்த்தாள். நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கிறவர், வாயைத் திறந்தார்.

“ஜன்னல்...” என்றார். “அந்தப் புகைபோக்கியைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடிஞ்சா...”

“அவ்வளவுதானே!” மச்சான் சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

அவள் தலைமுடியை இறுக்கி முடிந்துகொண்டாள். “ஊருக்கெல்லாம் நல்ல இடமா பார்த்துக் குடுக்கறீங்க. எனக்கும் ஒண்ணு பார்த்துட்டீங்க” என்று சொல்லிவிட்டு அண்ணன் பின்னாலேயே இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை அவர் கூடத்தைக் கடந்தபோது முன் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் நிமிரவில்லை. கல்லா முகம் மட்டும் மலர்ந்து கையசைத்தது. கேன்டீனுக்கு யாரும் போன் செய்யவில்லை.

விடுதியில் புதிதாக வந்து நின்ற பெண்மணி வழக்கமான கேள்வியைக் கேட்டார். நாக்கு மச்சான் கடைக்கு வழி சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை. இப்போது வட்டாரத்திலேயே நல்ல சாப்பாடு அங்கேதான்.

பெண்மணி விவரமானவர். நாக்கின் விதியை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

“சரிங்க, அந்தக் கடையில சமைக்கிறவங்க லீவு நாள்ல எங்க சாப்பிடுவாங்க?”

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

“அவங்களுக்கு லீவு இல்லைங்க.”