இந்தக் கரையில் விட்டால் அந்தக் கரை: ஓரிக்கைக்கு அப்பால் ஒரு ஓடை

என் கணவர் செல்வத்துக்கு ஒரு கார் விளம்பரம் மனப்பாடம். கார் ஓடைக்குள் பாயும், இரண்டு பக்கமும் தண்ணீர் ஆளுயரம் எழும்பும். ஓட்டுகிறவர் ஆண். பக்கத்தில் ஒரு பெண் தலைமுடி பறக்கச் சிரிப்பாள். அதைப் பார்த்துத்தான் எங்கள் காரை வாங்கினார். மனுஷர் இன்னும் லைசென்ஸ் எடுக்கவில்லை, ஓட்டுவது நான். மூன்று வருடத்தில் அந்தக் கார் கடந்த பெரிய நீர்நிலை, தாம்பரத்தில் எங்கள் தெருமுனைச் சாக்கடை.

போன கார்த்திகையில் என் தங்கைக்குக் கல்யாணம். கூறைப்புடவை சின்ன காஞ்சிபுரத்தில் தனம்மாவின் தறியில் இருந்தது. மழை ஈரத்தில் நூல் ஒட்டிக்கொண்டு வேலை தள்ளிப்போக, கல்யாணத்தன்று காலையில்தான் தர முடியும் என்று சொல்லிவிட்டார். மண்டபம் ஓரிக்கையைத் தாண்டி ஒரு கிராமத்தில். பத்தரைக்கு முகூர்த்தம். ஒன்பதரைக்குள் புடவை போகாவிட்டால் தங்கை வேறு எதையாவது கட்டிக்கொண்டு மணையில் உட்கார வேண்டியதுதான். "உன்னைத்தான்கா நம்பியிருக்கேன்" என்று போனில் அழுதே விட்டாள்.

காலை 5.10க்குக் கிளம்பினோம். 62 கிலோமீட்டர், 6.50க்குச் சேர்ந்தாயிற்று. இருவருக்கும் இட்லி, காபி 130 ரூபாய். 8.05க்குப் புடவை கைக்கு வந்தது. தனம்மாவும் கல்யாணத்துக்கு வருவதால், புடவைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறினார்.

ஊரைத் தாண்டியதும் ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. ஒரு வண்டியும் அசையவில்லை. டீக்கடைக்காரர் மண்பாதை ஒன்றைக் காட்டினார். "நாலு கிலோமீட்டர்தான்மா. நடுவுல ஓடை இருக்குது. ஆட்டோவே போய்க்கினு வந்துக்கினு இருக்குதுபா!"

8.40க்கு ஓடை முன்னால் நின்றோம். முப்பதடி அகலம் இருக்கும். "விளம்பரத்துல வர்ற மாதிரி ஒரே அழுத்தா அழுத்து!" என்றார் செல்வம்.

"முதல்ல நீங்க இறங்கி நடங்க" என்றேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். பாதிக் கெண்டைக்கால்வரைதான் தண்ணீர், இழுப்பு இல்லை, அடியில் கெட்டிச் சரளை. அக்கரையில் போனை நீட்டிப் படம் பிடிக்க நின்றுவிட்டார்.

"பயப்படாதம்மா" என்றார் தனம்மா. "நாடா கணக்கா போ."

எனக்குத் தெரிந்த நாடா பாவாடையில் இருப்பது. அது போனால் மானமே போய்விடுமே! சொன்னதும் மடியில் பெட்டி குலுங்கச் சிரித்தார்.

"அய்ய, தறி நாடாம்மா! நூல எடுத்துக்கினு குறுக்கால ஓடுமே, அது. வேகமா தள்ளுனா இழை அறுந்துடும். மெதுவா வுட்டா நடுவுல நின்னுடும். இந்தக் கரைல வுட்டா அந்தக் கரைலதான் நிக்கணும்."

புடவைக்கும் கரை, ஓடைக்கும் கரை. சட்டென்று பிடிபட்டது. முதல் கியர், ஒரே சீரான அழுத்தம். நடுவில் ஒரு கல்லில் சக்கரம் ஏறி இறங்க, கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. "கரை! கரை!" என்று தனம்மா கத்தினார். காலை இழுத்துக்கொண்டேன். சக்கரம் அக்கரை ஏறியதும் நான் போட்ட கூச்சலில் இரண்டு கொக்குகள் பறந்தன. ஜெயித்துவிட்டேன்!

மண்டபம் சேர்ந்தபோது மணி 9.20.

நீங்கள் போவதானால் முதலில் ஒருவர் நடந்து பாருங்கள். தண்ணீர் பாதிச் சக்கரத்தைத் தாண்டினாலோ, இழுத்தாலோ, அடி தெரியாவிட்டாலோ கௌரவம் பார்க்காமல் திரும்பிவிடுங்கள். நடுவில் கியர் மாற்றாதீர்கள். ஏறியதும் பிரேக்கை நாலு முறை லேசாக மிதித்துக் காயவிடுங்கள். முக்கியமாக, பாயாதீர்கள். எழும்புகிற தண்ணீர் எஞ்சினுக்குள் புகுந்தால் வண்டி அங்கேயே படுத்துவிடும். விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஓடுவது இதுதான்.

செல்வம் எடுத்த படத்தை மண்டபத்தில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பெரிய மாமா உதட்டைப் பிதுக்கினார்.

"என்னம்மா இது, தண்ணியே தெறிக்கலையே!"

"தெறிக்கல மாமா. அதான் அங்க பாருங்க" என்று மணையைக் காட்டினேன். அரக்குக் கரைப் புடவையில் தங்கை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.