கஸ்தூரி டாக்டர் சட்டம் படித்த கதை

கஸ்தூரி டாக்டருக்குக் கைராசி என்று ஊரே சொல்லும். செங்கம் ரோட்டில் அவள் நடத்திய பிரசவ ஆஸ்பத்திரி அப்படியொன்றும் பெரிய கட்டடம் கிடையாது. மழை பெய்தால் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வாளி வைக்க வேண்டும். ஆனாலும் சுற்றுப்பட்டு விவசாயக் குடும்பங்கள் பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அங்கேதான் வந்து நிற்பார்கள். வலியில் துடிக்கிறவளின் நெற்றியில் கையை வைத்து, "நான் இருக்கேன் இல்ல, என்ன பயம்?" என்பாள் கஸ்தூரி. சும்மா சொல்லக் கூடாது, அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் பாதி வலி குறைந்துபோகும் என்று சொன்ன பெண்கள் உண்டு.

தொண்ணூற்றேழில் அவள் மேல் ஒரு வழக்கு வந்தது. பெரிய குழந்தை, தோள் மாட்டிக்கொண்டது. அவள் போராடி உயிரோடு வெளியே எடுத்தாள். ஒரு கை மட்டும் துவண்டு போயிற்று. பெற்றவர்கள் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வயிறெரிந்தவர்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"இதுல ஆபத்து இருக்குன்னு சொன்னீங்களா டாக்டர்?"

"சொன்னேன்."

"எழுதி வாங்கினீங்களா?"

கஸ்தூரி எழுதி வாங்கியிருக்கவில்லை. வழக்கு என்னவோ தள்ளுபடிதான். ஆனால் அத்தனை பேர் நடுவே வாயடைத்து நின்ற அவமானம் தள்ளுபடி ஆகவில்லை. வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை.

அவள் புருஷன் அருணகிரி வங்கியில் வேலை பார்ப்பவர். ஒருநாள் பேப்பரில் வந்த விளம்பரத்தை நீட்டினார். மருத்துவச் சட்டத்தில் முதுநிலைப் பட்டயம், தபாலில் படிக்கலாம், சட்டம் படிக்காத டாக்டர்களும் சேரலாம். "உனக்குன்னே போட்ட மாதிரி இருக்கு. சேந்துடு. இனிமே எவன் கேட்டாலும் பட்டுன்னு பதில் சொல்லலாம்" என்றார்.

சேர்ந்தாள். முதல் பாடப் புத்தகத்தைப் பிரித்ததும் தலை சுற்றியது. ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடியது. முற்றுப்புள்ளியைக் கண்டுபிடித்தால் போதும் சாமி என்று இருந்தது. போகப்போகப் பிடிபட்டது. சந்தோஷமாகக்கூட இருந்தது, வெகு நாளைக்குப் பிறகு மாணவி ஆகியிருந்தாள். மத்தியானம் நோயாளிகள் போன பிறகு புத்தகமும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். நர்ஸ் ரேணுகாம்பாள் டீயை வைத்துவிட்டுச் சிரிப்பாள். "இன்னும் என்னாத்துக்கும்மா படிப்பு? படிச்சது பத்தலயா?" ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து கூடவே இருப்பவள் ரேணுகாம்பாள். கஸ்தூரி அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

பின்னால் நடந்ததற்குப் படிப்பின் மேல் பழி போடுவது அநியாயம். உன்னால் முடியாததை ஏற்காதே, ஏற்றதைக் கைவிடாதே, இரண்டையும்தான் அந்தப் புத்தகம் சொன்னது. கஸ்தூரி பயந்துபோய்ப் படித்தாள். முதல் பாதி மட்டும் மனசில் ஆணியடித்து உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் அவள் மாறிப்போனாள். நாடி பிடிக்கும் முன்னே கையெழுத்து. கொஞ்சம் சிக்கலான பிரசவம் என்றால் வேலூருக்கு அனுப்பு. "டாக்டரம்மாவுக்கு இன்னா ஆச்சு?" என்று ஜனங்கள் ரேணுகாம்பாளிடம் கேட்டார்கள். அவள் விட்டுக்கொடுக்கவே மாட்டாள். "எங்கம்மா எது செஞ்சாலும் அதுல ஒரு காரணம் இருக்கும். சும்மா கெட" என்று வாயை அடைத்துவிடுவாள்.

பரீட்சை எழுதி முடித்திருந்த சமயம். ஒரு பௌர்ணமியன்று சாயங்காலம் ரேணுகாம்பாளின் மகள் பொன்னி ஆட்டோவில் வந்து இறங்கினாள். அடி அண்ணாமலையில் வாழ்க்கைப்பட்டவள். கிரிவலப் பாதையில் புருஷன் கோபிக்கு டீக்கடை. பௌர்ணமி வியாபாரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கூட வந்திருந்தான். பொன்னிக்கு இது இரண்டாவது பிரசவம். முதலாவதும் கஸ்தூரி கையில்தான்.

பரிசோதித்தாள். பனிக்குடம் உடைந்திருந்தது. குழந்தை திரும்பவில்லை, கால் முன்னால் இருந்தது.

இந்த மாதிரி எத்தனை எடுத்திருப்பாள்! கைகள் தாமாகவே கையுறையை எடுக்கப் போயின. அந்த நேரத்தில் வக்கீலின் குரல் காதில் விழுந்தது. தலை மாட்டிக்கொண்டால்? ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் விழுப்புரத்திலிருந்து வர வேண்டும். பௌர்ணமிக் கூட்டத்தில் அவரால் எப்படி வர முடியும்? வசதி இல்லாத இடத்தில் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் என்ன பதில்?

"வேலூருக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கக்கா. இங்க வேணாம்" என்றாள்.

ரேணுகாம்பாளுக்கு விளங்கவில்லை. "நீங்க இருக்கச்சொல்ல வேலூருக்கு எதுக்கும்மா?"

"ஏதாவது ஆயிட்டா?"

"ஆனா ஆவட்டும்மா. உங்க கையில ஆனா நான் ஒரு வார்த்தை கேப்பனா? என் பொண்ணுமா இது. நானா உங்கமேல கேஸ் போடப் போறேன்?"

கஸ்தூரியின் கை வேலூருக்கான சீட்டை எழுதிக்கொண்டே போயிற்று. கோபியிடம் கையெழுத்து வாங்கினாள். தன் காரையே கொடுத்தாள், டிரைவர் தசரதனையும் கூடவே ரேணுகாம்பாளையும் அனுப்பினாள். சட்டப்படி எதிலும் குறை இல்லை.

அன்றைக்குப் பௌர்ணமி என்பது தெரியாதவளா? மயக்க டாக்டர் வர முடியாது என்று யோசித்த அதே புத்தி, கார் மட்டும் எப்படிப் போகும் என்று யோசிக்கவில்லை. அடப் பாவமே, பயம் வந்தால் புத்தி ஒரு பக்கமாகத்தான் ஓடும் போலிருக்கிறது.

ஊரைத் தாண்டுவதற்குள் கார் நின்றுவிட்டது. எதிரே ஜனம், பின்னால் ஜனம். "அரோகரா" சத்தத்தில் தசரதன் அடித்த ஹாரன் யார் காதிலும் ஏறவில்லை. கோபி இறங்கி முன்னால் ஓடினான். கையெடுத்துக் கும்பிட்டு, "பிரசவ கேஸுங்க, வழி விடுங்க" என்று கத்தினான். பாவம், அவர்கள் ஒதுங்கத்தான் பார்த்தார்கள். ஒதுங்க இடம் வேண்டாமா? காருக்குள்ளே குழந்தையின் கால் வந்தது, உடம்பு வந்தது, தலை வரவில்லை. ரேணுகாம்பாள் அதுவரை கஸ்தூரியின் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தவள், தனியாக எடுத்தவள் இல்லை. "அம்மா இல்லையே, அம்மா இல்லையே" என்று அழுதுகொண்டேதான் எடுத்திருக்கிறாள். தலை வெளியே வந்தபோது மூச்சு இல்லை. ஆண் குழந்தை.

திரும்பி வந்தார்கள். பொன்னியைக் கஸ்தூரிதான் பார்த்துப் பிழைக்க வைத்தாள். நெற்றியில் கை வைத்தாள். வழக்கமாகச் சொல்லும் வார்த்தை வாயில் வரவில்லை. பொன்னி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

யாரும் வழக்குப் போடவில்லை. போட்டிருந்தாலும் நின்றிருக்காது; அது கஸ்தூரியை விட யாருக்கு நன்றாகத் தெரியும்? பரீட்சை முடிவு வந்தது. முதல் வகுப்பு. அருணகிரி ஸ்வீட் வாங்கி வரட்டுமா என்று கேட்டார். "ஐயோ, வேணாங்க" என்று சமையலறைக்குள் போய் அழுதாள்.

பொன்னிக்கு உடம்பு தேறும் வரை ரேணுகாம்பாள் வரவில்லை. கஸ்தூரி அவள் வீடு தேடிப் போய், "என்னை நாலு வார்த்தை திட்டுங்கக்கா. மனசு ஆறும்" என்று கெஞ்சினாள்.

"உங்கமேல என்னம்மா தப்பு? நீங்க முறைப்படிதான செஞ்சீங்க" என்று காபி போட்டுக் கொடுத்தாள் ரேணுகாம்பாள்.

அடுத்த வாரம் வேலைக்கு வந்துவிட்டாள். அதே வெள்ளைப் புடவை, அதே சுறுசுறுப்பு. கஸ்தூரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வார்டில் ஒரு பெண் வலியில் முனகினாள்.

"அக்கா, அந்தப் பொண்ணுக்கு ஒரு ஊசி போட்டுடுங்க" என்றாள், எப்போதும் போல.

ரேணுகாம்பாள் நகரவில்லை. மேஜை மேல் இருந்த சீட்டையும் பேனாவையும் எடுத்துக் கஸ்தூரியின் முன்னால் வைத்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க டாக்டர். போடறேன்."