கவிதா வண்டியில் போய் ஹரீஷ் வண்டியில் வந்தது

மைசூரைப் பற்றி எழுதுகிறவர்கள் அரண்மனையில் தொடங்கி பிருந்தாவனத்தில் முடிப்பார்கள். நான் இரண்டையும் பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் நஞ்சன்கூடு ரோட்டில் பழைய வண்டி வாங்கி விற்கும் ஒருவருடைய தகரக் கொட்டகையும், அக்ரஹாரம் என்ற பேட்டையில் ஒரு தெருவும்தான். ஆனாலும் போய்வந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. வயிற்றெரிச்சல் அப்படி.

தொண்ணூற்றாறு ஆவணி, ஒரு புதன்கிழமை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு ராமாபுரத்தில் கிளம்பினோம். எங்கள் பழைய பிக்கப்பைக் கொடுத்துவிட்டு, மேலே ஒரு லட்சத்து ஐயாயிரம் போட்டு, தொண்ணூற்று நான்காம் வருடத்து மாடல் ஒன்றை எடுத்துவரப் போகிறோம். என் வீட்டுக்காரர் ஓட்டினார். முன்சீட்டில் நானும் என் ஓரகத்தி ரத்னாவும். அவள் மடியில் இரண்டு வயது மகன் ஹரீஷ். அவள் புருஷன், அதாவது என் கொழுந்தன் முருகேசன், பின்னால் தார்ப்பாய் மேல். கிளம்புவதற்கு முன் வழக்கம்போல் அவன்தான் தள்ளினான். அந்த வண்டி தள்ளாமல் கிளம்பி இரண்டு வருடமாகிறது.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எண்பத்தேழில் என் மகள் கவிதா பிறந்த மாதம் வாங்கியது. முன்கண்ணாடிக்கு மேலே நெற்றியில், மஞ்சளில் சிவப்புக் கரை கட்டி, கன்னட எழுத்தில் ‘கவிதா’ என்று எழுதியிருக்கும். ராமாபுரத்துத் தக்காளியும் மஞ்சளும் கொள்ளேகாலுக்கும் மைசூருக்கும் அதில்தான் போகும். வண்டி நம்பர் யாருக்கும் தெரியாது. “கவிதா வண்டி வந்தாச்சா?” என்றுதான் சந்தையில் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார் பெயரைக் கேட்டுவிட்டு, “ஓ, வண்டி கவிதாவா?” என்றார். என் மகளுக்கு அன்றைக்கு வந்த பெருமை இன்னும் இறங்கவில்லை. கிளம்பும்போது பக்கத்து வீட்டு வாசலில் நின்றுகொண்டு, “அம்மா, புது வண்டீல எம்பேர இன்னும் பெருசா எழுதச் சொல்லு” என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டியது நான் மட்டும்தான் என்பது ஹனூர் தாண்டிய பிறகுதான் புரிந்தது.

ஹனூர் தாண்டியதும் ரத்னா மகனின் கன்னத்தைக் கிள்ளி, “நம்ம வண்டி தரப் போறோம் கண்ணா, ஹரீஷ் வண்டி” என்றாள். கன்னடத்தில் ‘தர’ என்றால் கொண்டுவருவது. பிறந்த ஊர் மைசூர் அக்ரஹாரம் என்பதால் அவள் பேச்சில் பாதி கன்னடம் இருக்கும். நான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார். அதற்கு முன் அவர் ரோட்டை அவ்வளவு கவனமாகப் பார்த்து நான் கண்டதில்லை.

கொள்ளேகாலில் ஏழு மணி. அங்கிருந்து மைசூர் அறுபது கிலோமீட்டர் சொச்சம். மூகூர் வழியாகப் போகும் ரோடு. இரண்டு பக்கமும் நெல், நடுவில் புளியமரங்கள். ஆவணி மழை பெய்திருந்ததால் வாய்க்கால்களெல்லாம் நிறைந்து ஓடின. எங்கள் ராமாபுரத்தில் கிணற்றுக்கு எண்பது அடி தோண்டியும் தண்ணீருக்குக் கெஞ்ச வேண்டும். இவர்களுக்குக் காலடியில் ஓடுகிறது. அந்த நெல்லைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது, அன்றைக்கு எதைப் பார்த்தால்தான் வரவில்லை?

டி. நரசிபுரத்தில் கபினிப் பாலம் தாண்டி ஒரு ஓட்டலில் இட்லியும் காபியும். காபி இரண்டரை ரூபாய். அணைத்தால் மறுபடி கிளம்பாது என்பதற்காக வண்டியைச் சரிவில் நிறுத்தியிருந்தோம். சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன்.

“ஏனுங்க, புது வண்டிக்கு என்ன பேரு?”

“அங்க போயிப் பேசிக்கலாம்.”

“பேசறதுக்கு என்ன இருக்குது?”

“சாம்பாரு ஊத்தச் சொல்லட்டுமா?” என்றார் அந்த மனுஷன்.

மைசூரில் நுழைந்தபோது ஒன்பதே முக்கால். கொட்டகையில் முப்பது வண்டிகள் நின்றிருக்கும். எங்களுடையது ஓரமாக, கழுவித் துடைத்து, பளபளவென்று நின்றது. வெள்ளை நிறம். கண்ணாடியை ஏற்றி இறக்கக் கைப்பிடி உண்டு. எங்கள் பழையதில் கண்ணாடி பாதியில் நிற்கும், மீதிக்கு அட்டை. உள்ளே பாட்டுப் பெட்டி. ஐந்து கியர். சீட்டில் உட்கார்ந்தால் முதுகு அமுங்குகிறது. நெற்றியில் நீளமாக ஒரு வெள்ளைப் பலகை, எழுத்தே இல்லாமல். நான் அந்தப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேரம் பேசியது ரத்னா. கொட்டகைக்காரர் அவள் அப்பாவுக்குப் பழக்கமாம். “அக்கா, நீங்க உக்காருங்க, நான் மாத்தாடறேன்” என்று என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, நகரத்துக் கன்னடத்தில் பொரிந்து தள்ளினாள். ஸ்டெப்னி டயர் புதிதாகக் கிடைத்தது. தார்ப்பாய் இலவசமாகக் கிடைத்தது. எனக்கும் கன்னடம் தெரியும். ஆனால் நான் பேசினால் “எந்த ஊருங்க?” என்று கேட்பார்கள், அவள் பேசினால் நாற்காலி போடுவார்கள். என் வீட்டுக்காரரே, “ரத்னா இல்லீன்னா நம்மளால ஆகியிருக்காது” என்று என் காதுபடச் சொன்னார். சொல்லட்டும்.

எல்லாம் முடிந்தபிறகு முருகேசன் தலையைச் சொறிந்தான். “அண்ணா, பேரு ஹரீஷ்னு எழுதீரலாமா?”

“செரி” என்றார் வீட்டுக்காரர். ஒரே ஒரு சொல். ஒன்பது வருடம் என் மகள் பெயரைத் தலையில் சுமந்த வண்டிக்கு ஒரு சொல்தான் மதிப்பு.

என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது. முருகேசன் பயந்துவிட்டான். “அண்ணி, பின்னாடி கதவுல கவிதான்னு எழுதிக்கலாமுங்க. முன்னாடி அவன், பின்னாடி அவ.”

“எம்பொண்ணு பேரு பொகையக் குடிச்சுட்டுப் பின்னாடி வரணுமாக்கும்? ஒண்ணும் வேண்டாம்.”

“ரெண்டு பேரையும் முன்னாடியே எழுதினா?” என்று வீட்டுக்காரர் இழுத்தார்.

“நோட்றதுக்கு, பாக்கறதுக்கு நல்லா இருக்காது, மாமா. பலகை சின்னது. எழுத்து எறும்பாட்டமா ஆயிடும்” என்றாள் ரத்னா. பலகை ஒன்றும் அவ்வளவு சின்னதில்லை. ஆனால் கெஞ்சி வாங்கின இடத்தில் என் மகள் பெயர் உட்கார வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். போன வண்டிக்கு அவள் பெயர், இந்த வண்டிக்கு இவன் பெயர் என்று அவர்கள் நினைத்ததில் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிந்தது.

பழைய வண்டியை வாங்க ஆள் காத்திருந்தார். சிவண்ணா என்று பூ வியாபாரி, வெற்றிலை வாயோடு சிரித்த முகம். புதன்கிழமை ராகுகாலம் பன்னிரண்டுக்கு ஆரம்பம் என்பதால் அதற்குள் சாவி கைமாறிவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம். மணி பதினொன்றே முக்கால்.

அப்போதுதான் வீட்டுக்காரர் ஒரு பழைய பிளேடுத் தகட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பெயர் எழுதிய வண்டியை விற்றால், சாவி கொடுக்கும் முன் அந்தப் பெயரைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பிள்ளை பெயர் ஊரான் கையில் போகக்கூடாது. சுரண்டுவதும் பெற்றவள் கையால்தான்.

“சொரண்டீரு. நேரமாச்சு.”

தகட்டை வாங்கிக்கொண்டு பம்பர் மேல் ஏறி நின்றேன். மஞ்சள் எழுத்து முகத்துக்கு நேரே இருந்தது. வெயிலில் வெடித்திருந்தாலும் ‘க’ இன்னும் பளிச்சென்றுதான் இருந்தது. அங்கேயும் எழுத விடமாட்டார்கள், இங்கேயும் என் கையாலேயே அழிக்கச் சொல்கிறார்கள். அப்படியானால் மாலைக்குள் என் மகள் பெயர் உலகத்தில் எந்த வண்டியிலும் இருக்காது. இறங்கிவிட்டேன்.

“நான் சொரண்ட மாட்டேன்.”

“ஏ, புள்ளைக்கு ஆகாது.”

“ஆகாததையெல்லாம் நீங்க காலைலயே பண்ணிப்போட்டீங்க.”

பயம் இல்லாமலில்லை. மாதேஸ்வரனை மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டேன், ஒன்றும் ஆகக்கூடாது என்று. ஆனால் கை வரவில்லை. முருகேசன் தகட்டை எடுக்கப் போனான். “அண்ணி சொல்லாம தொடாத” என்று அவன் அண்ணனே தடுத்தார். அந்த மட்டுக்கும் பிழைத்தார்.

ரத்னா சிரித்தாள். “உட்டுடுங்க மாமா. மைசூருல இதெல்லாம் யாரும் பார்க்கறதில்ல. பழைய வண்டிதானே, அக்கா ஆசைக்கு இருக்கட்டும்.”

சிவண்ணாவுக்கு விஷயம் புரிந்ததும் கைகூப்பினார். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும், ராகுகாலத்துக்கு முன் வண்டி எடுத்தால் போதும் என்று கன்னடத்தில் சொன்னார். கொட்டகைக்காரர் அவருக்காகப் புது பேட்டரி போட்டு வைத்திருந்தார். சிவண்ணா சாவியைத் திருப்பினார், ஒரே திருப்பில் கிளம்பியது. இரண்டு வருடம் எங்களைத் தள்ள வைத்த வண்டி, அவருக்கு ஒரே திருப்பில். அந்த மனிதர் மேலும் எனக்குப் பொறாமை வந்துவிட்டது.

ராகுகாலம் முடியும்வரை அக்ரஹாரத்தில் ரத்னாவின் அம்மா வீட்டில் இருந்தோம். கோயிலும் சின்னச் சின்னக் கடைகளுமாகத் தெரு. ஸ்கூட்டர்கள்தான் அதிகம், எங்கள் பிக்கப்பை நிறுத்தியதும் பாதித் தெரு அடைத்துக்கொண்டது. “சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க” என்று ரத்னா ஒவ்வொரு ஸ்கூட்டர்காரரிடமும் ராணி மாதிரி சொன்னாள். வந்தவர்கள் வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, “உங்க வண்டியாம்மா?” என்று அவளைத்தான் கேட்டார்கள். “நம்ம வீட்டு வண்டி” என்று சொல்லியிருக்கலாம். “ஹௌது” என்றாள், ஆமாம் என்று.

ஒன்றரைக்கு மேல் பெயிண்டர் வந்தார். நூற்றிருபது ரூபாய். நீலத்தில் எழுதி, வெள்ளியில் நிழல் போட்டு, இரண்டு பக்கமும் ரோஜாப்பூ. நான் எதிரே கோயில் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக வருவதைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். கையெழுத்து அழகாகத்தான் இருந்தது, பாவி. பெயிண்டர் கீழே இறங்கியதும் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ரத்னாவின் அம்மா ஆரத்தி எடுத்தார். என் கையிலும் தட்டைக் கொடுத்தார்கள். எடுத்தேன். மனதில் இருப்பது தட்டில் தெரியவா போகிறது.

பெயிண்ட் காய்ந்து கிளம்பியபோது மூன்றரை. முருகேசன் ஓட்டினான். “அக்கா, நீங்க ஜன்னல் பக்கம் உக்காருங்க” என்று ரத்னா இடம் விட்டாள். வீட்டுக்காரர் தார்ப்பாய்க்குப் போனார், அவருக்கு அது வேண்டியதுதான். வண்டி பஞ்சு மாதிரி போயிற்று. நரசிபுரம் வந்ததே தெரியவில்லை. காலையில் குலுங்கிக் குலுங்கி வந்த இடுப்பு இப்போது நன்றி சொன்னது. கண்ணாடியை ஏற்றினேன், இறக்கினேன், யாரும் பார்க்காதபோது மறுபடி ஏற்றினேன். இவ்வளவு சுகத்தையும் வைத்துக்கொண்டு வயிறு எரிந்ததுதான் அன்றைய பயணத்தின் விசேஷம். கொள்ளேகால் கடைவீதியில் ஒருவர் எங்களை மறித்து, “யாரு வண்டி இது, கவிதா வண்டி என்னாச்சு?” என்றார். முருகேசன் நெற்றிப் பலகையைக் காட்டினான்.

ராமாபுரத்தில் ஏழு மணி. எங்கள் ஊர் விளக்குகள் அதற்குள் மங்கிவிட்டன. புது விளக்கின் வெளிச்சம் தெரு முழுவதும் அடித்தது. கவிதா ஐந்தாறு பிள்ளைகளோடு ஓடிவந்து வண்டிக்கு முன்னால் நின்றாள். கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு என் பக்கம் வந்தாள்.

“எம்பேரு எங்கம்மா?”

வழி முழுக்க இந்தக் கேள்விக்குப் பதில் யோசித்து வந்திருந்தேன். “பழைய வண்டியிலயே இருக்குது சாமி” என்றேன்.

“சொரண்டலையா?”

“இல்ல.”

“பழைய வண்டி எங்க?”

“மைசூருல. ஒரு பூக்காரரு வாங்கீட்டாரு. தெனமும் தேவராஜ மார்க்கெட்டுக்குப் பூ ஏத்தீட்டுப் போவாரு.”

“அரமனை முன்னால போகுமா?”

“போகும்.”

அவள் முகத்தில் மெதுவாகப் பழைய பெருமை ஏறியது. திரும்பிப் பிள்ளைகளிடம், “எம்பேரு மைசூருல ஓடுது, தெரியுமா. அரமனை முன்னாலயெல்லாம். இது இங்க சந்தைக்குத்தான் ஓடும்” என்றாள். பிள்ளைகள் புது வண்டியை விட்டுவிட்டு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

தூங்குகிற மகனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிய ரத்னா, ஒரு கால் படியில் இருக்க அப்படியே நின்றுவிட்டாள். மைசூர் அவள் பிறந்த ஊர், அரண்மனைத் தெரு அவள் நடந்த தெரு.

“அக்கா,” என்றாள். குரல் மாறியிருந்தது. “நான் யோசனை பண்ணினேன். பொண்ணு பேரு ஊரான் கையில இருக்கறது நல்லதில்ல. அடுத்த வாரம் அம்மா மனைக்குப் போறேனில்ல, சிவண்ணா கிட்ட சொல்லி நானே சுரண்டிட்டு வந்துடறேன்.”

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. விடிந்ததிலிருந்து என்னோடுதான் அது பிரயாணம் செய்தது, இப்போது இறங்கி அவளிடம் போயிருக்கிறது.

“உனக்கெதுக்கு ரத்னா அந்தச் செரமம்,” என்று குழந்தையை வாங்கிக்கொண்டேன். “ஓடட்டும் உடு.”