சுவரைப் பார்த்த நோட்டீஸ்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட, இதில் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும்.

ஆஸ்பத்திரிக் கழிவுகளை எரிக்க சாத்தூர் ரோட்டில் ஓர் எரி உலை வரப்போகிறது என்று பேப்பரில் சின்னதாக ஓர் அறிவிப்பு. படித்த நிமிடமே மண்டைக்குள் படம் ஓட ஆரம்பித்துவிட்டது. புகைபோக்கியிலிருந்து ஒரு பொறி கிளம்புகிறது. பக்கத்துப் பட்டாசு ஆலையில் விழுகிறது. அங்கிருந்து அடுத்த ஆலை... அதற்கு அடுத்தது... சாத்தூர் ரோட்டில் பற்றியது சிவகாசியைக் கடந்து, திருத்தங்கலில் என் வீட்டு வாசலில் வந்து முடிகிறது — பத்தாயிரம் வாலா சரவெடி மாதிரி!

நம்பினேன். சத்தியமாக நம்பினேன்.

உலைக்கு இன்னும் ஒரு செங்கல்கூட இறங்கவில்லை. நான் மொட்டை மாடி முழுக்க ஈரச் சாக்கு விரித்துவிட்டேன்.

"என்னத்துக்கு இம்புட்டுச் சாக்கு?" என்றாள் மனைவி.

"பொறி விழுந்தா அணைஞ்சிரும்."

"குழாயில தண்ணி வந்து நாளாச்சு. குடிக்கத் தண்ணியக் காணோம், நீங்க சாக்குக்கு ஊத்துதீக. உங்களத்தான் மொதல்ல நனைச்சுப் போடணும்."

என் அக்கா முத்துமாரி வாக்கப்பட்டுப் போனது உலை வரவிருந்த அதே ஊருக்கு. போன் போட்டேன். சாத்தூர் முதல் திருத்தங்கல் வரை வெடிக்கப்போகும் கதையை மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ஏலே, ஊரெல்லாம் வெடிக்கது அங்கன கிடக்கட்டும். அவுக குறிச்சிருக்க எடம் எங்க கம்பெனி வேலிக்கு அந்தப் பக்கம். வேலிக்கு இந்தப் பக்கம் வெடி காயப்போடுத மேடை. நான் நாள் பூரா அதுலதான் நிக்கேன். அதுக்கு ஒரு வழி சொல்லு."

என் பயம் பதினைந்து மைல் நீளம். அவள் பயம் ஒரு வேலி அகலம். எது நிஜம் என்று சொல்லவும் வேண்டுமா?

வழி இருந்தது. அந்த ஊர் சமுதாயக் கூடத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்திருந்தார்கள். வந்து சொன்னால் எழுதிக்கொள்வார்கள். யாரும் வராவிட்டால்? ஆட்சேபனை இல்லை என்று எழுதிக்கொள்வார்கள்.

"ஊரத் திரட்ட வேண்டியது என் பொறுப்பு. நோட்டீஸ் அனுப்புதேன், வீடு வீடாக் குடுத்துரு" என்றேன். சும்மாவா? நான் பிரஸ் முதலாளி அல்லவா!

சின்ன பிரஸ்தான். அப்போது காலண்டர் சீசன். ஆப்செட் மிஷினில் கலர் ஒன்றோடொன்று சேரும்வரை ஓடுகிற முதல் தாள்கள் வீண். அந்த வருடம் லட்சுமி படம். வீணான தாள்களில் லட்சுமிக்கு லேசாக நாலு உதடு. ஆனால் பின்பக்கம்? பளிச்சென்று வெள்ளை! 'எரி உலை ஆபத்து! அனைவரும் வருக!' என்று பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் அடித்தேன்.

"அண்ணாச்சி மூளையே மூளை" என்றார் மிஷின் ஓட்டும் சிக்கந்தர் பாய். அதில் கிண்டல் இருந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

நோட்டீஸ் கட்டை மினி பஸ்ஸில் ஏற்றி அக்காவுக்கு அனுப்பினேன். கூட்டத்தன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மாலை விழுந்தால் குனிய வசதியாக, முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

முதல் வரிசையில் நான். இரண்டாவது வரிசையில்... நாற்காலிகள். மூன்றாவதிலும் நாற்காலிகள்தான்.

மேடையில் ஓர் அதிகாரி அம்மா. பக்கத்தில் உலைக் கம்பெனி என்ஜினீயர். "மேடம், மக்களுக்கு ஆட்சேபனை இல்லன்னு நல்லாத் தெரியுது" என்றார் அவர், நாற்காலிகளைக் காட்டி.

நான் எழுந்து பத்தாயிரம் வாலா தியரியை எடுத்துவிட்டேன். என்ஜினீயர் சிரிக்காமல் கேட்டார், அதுதான் வலித்தது. "சார், ஆஸ்பத்திரியில உங்களுக்குப் போட்ட ஊசியை எங்க எரிக்கலாம்? நீங்களே சொல்லுங்க."

நியாயமான கேள்வி. ஊர் ஏன் வரவில்லை என்று முதலில் அக்காவைக் கேட்க வேண்டும். "ஒரு நிமிஷம்மா" என்று அதிகாரியைக் கும்பிட்டுவிட்டு ஓடினேன் — அக்காவின் கம்பெனிக்கு.

கேட்டில் வாட்ச்மேன் மறித்தார். பையைத் தடவினார். செருப்பைக் கழற்றச் சொன்னார். செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார். "தீப்பெட்டி இருக்கா?" என்று வாயைக்கூடத் திறந்து பார்த்திருப்பார், அதற்குள் அக்கா வந்துவிட்டாள். இரண்டு கையிலும் வெள்ளி நிறம். அலுமினியப் பவுடர்.

"ஏங்க்கா யாரும் வரல? நோட்டீஸ் குடுக்கலையா?"

"எந்த நோட்டீசு? நீ இன்னும் அனுப்பவே இல்லையே."

"மினி பஸ்ல அனுப்புனேனே!"

"அதுவா? லட்சுமி படம்லா அனுப்புன! வருசா வருசம் அனுப்புவியே, அதுன்னு வீட்டுக்கு வீடு குடுத்தேன். அம்புட்டு வீட்லயும் பசை தடவி ஒட்டி, சந்தனம் குங்குமம் வச்சாச்சு."

புரிந்துவிட்டது. ஊர் முழுக்க என் போராட்ட அழைப்பு ஒட்டப்பட்டிருக்கிறது... சுவரைப் பார்த்தபடி! லட்சுமி கையில் கிடைத்தால், நாலு உதடு இருந்தாலும், திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் படிக்கிறவர் எங்கள் பக்கத்தில் யார்?

அக்கா அப்படியே, வெறுங்காலோடு, வெள்ளிக் கையோடு சமுதாயக் கூடத்துக்கு வந்தாள்.

"அம்மா, தீபாவளிக்கு மொத வாரம் கூட்டம் வச்சா எவ வருவா? லோடு ஏத்த ஆளில்லாம தவிக்கோம். இதக் குறிச்சவுகளுக்கு எங்க சீசன் தெரியாதா?"

அதிகாரி அம்மா பேனாவை மூடினார். சிவகாசிச் சீமையில் பிரஸ் நடத்தும் எனக்கே அந்தத் தேதி உறைக்கவில்லையே!

"எப்ப வச்சா வருவீங்க?"

"தீபாவளி முடியட்டும்மா. எங்களுக்கும் வேலை இருக்காது, வெடிக்கதுக்கும் ஒண்ணும் மிச்சம் இருக்காது."

என்ஜினீயரே சிரித்துவிட்டார். அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"ஊசிய எரிக்க வேண்டாங்கல தம்பி. எரிச்சுத்தான் ஆகணும். ஆனா எங்க கேட்டுக்குள்ள ஒருத்தன் தீப்பெட்டி கொண்டாந்தா வேலையே போயிரும். வேலிக்கு அந்தப் பக்கம் ராப்பகலா எரியுத அடுப்ப வைக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

என்ஜினீயர் தன் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார். எனக்கு ஆறுதலாக இருந்தது.

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. தீபாவளி முடிந்து, அதே கூடத்தில் மறுபடி நடந்தது. நாற்காலி போதாமல் வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். அத்தனை பேரையும் வீடு வீடாகப் போய் அழைத்தது அக்கா. அந்த இடத்துக்கு அனுமதி இல்லை என்று முடிவானது. பட்டாசு ஆலைகள் இல்லாத வேறு இடம் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தார்கள். மாடியில் சாக்குகளும் காய்ந்தன.

என் நோட்டீஸை இன்றுவரை ஒருவரும் படிக்கவில்லை.