வலப்பக்கம் திறக்கும் சஞ்சிகை

மகன் மொன்றியலுக்குப் புறப்பட்ட காலையில், பெட்டியின் மேல் முழங்காலை ஊன்றிப் பூட்டிக்கொண்டே எனக்கு ஒரு வேலை சொன்னான். ஓப்பரா அரங்கின் பக்கம் ஒரு ஜப்பானியப் புத்தகக்கடை இருக்கிறதாம். மாதாமாதம் ஒரு சஞ்சிகை அவன் பெயருக்கு அங்கே வந்து கிடக்குமாம். அதை எடுத்து வைக்க வேண்டும்.

"ஒரு வருஷத்துக்குச் சந்தா கட்டிட்டன் அம்மா. நொயெல் லீவுக்கு, மார்கழியிலை வரேக்கை கொண்டுபோறன்."

"நான் தபாலிலை அனுப்பிவிடட்டே?"

"வேண்டாம், சரியான பாரம். சும்மா எடுத்து என்ரை அறையிலை வையுங்கோ."

இந்தப் பிரெஞ்சு மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. நான் தமிழில் கேட்பதற்குப் பிரெஞ்சில்தான் பதில் வரும். ஏதாவது உதவி வேண்டுமென்றால் மட்டும் தமிழ் வரும். சின்ன வயதில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு, அதே சனிக்கிழமைகளில் ஜப்பானிய மொழி படிக்கப் போனான். அவனுடைய அப்பாவுக்கு அது பெரிய மனவருத்தம். அவர் இப்போது இல்லை. மகனுக்கு மொன்றியலில் வீடியோ விளையாட்டுகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. விளையாட்டுக்குள் வருகிற காட்டையும் மலையையும் படமாகக் கீறுகிற வேலை என்று எனக்கு விளங்கும்படி சொன்னான்.

நான் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு சேலைக்கடையில் வேலைக்கு நிற்கிறேன். வீடும் பக்கத்துத் தெருவில்தான். மெற்றோ ரயில் இங்கே பாலத்தின் மேல் ஓடுவதால், எங்கள் குசினி ஜன்னலுக்கு நேரே பெட்டிகள் போகும். உள்ளே இருப்பவர்களின் முகம்கூடத் தெரியும். மகன் போன பிறகு, கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த முகங்களைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

எனக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. முதல் மாதம் ஸ்ராலின்கிராட் நிலையத்தில் மாறி, ஏழாம் இலக்க மெற்றோவில் போனேன். இத்தனை வருடம் இந்த நகரத்தில் இருந்தும், விசாவுக்குப் போகிற பிரெபெக்சர், ஆஸ்பத்திரி, எபினேயில் இருக்கும் தங்கை வீடு இவை தவிர எனக்குப் பெரிதாக இடம் தெரியாது. ஓப்பராப் பக்கம் இறங்கினால் தெரு முழுக்க ஜப்பானியச் சாப்பாட்டுக் கடைகள். நூடில்ஸுக்கு வரிசையில் சனம் நின்றது.

புத்தகக்கடையில் பணம் வாங்கும் இடத்தில் என் வயதை ஒத்த ஒரு ஜப்பானியப் பெண் இருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எங்களுடைய குடும்பப் பெயர் நீளமானது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதை நடுவில் முறித்துப் போட்டுவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். இவர் சந்தாப் பெயர்களைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றையும் விடாமல் முழுவதையும் வாசித்தார்.

"சரியா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"சரி. இங்கே இதைச் சரியாகச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்."

"எங்கள் மொழியில் எழுதிவைத்திருக்கிறேன். அதில் எழுதினால் சுலபம்" என்றார்.

சஞ்சிகை உண்மையிலேயே பாரம்தான். முன்பாதி வழுவழுப்பான தாளில் விளையாட்டுகளைப் பற்றிய செய்திகளும் படங்களும். பின்பாதி சொரசொரப்பான தாளில் மங்கா, அவர்களுடைய படக்கதைகள். மெற்றோவில் இடம் கிடைத்ததும் மடியில் வைத்துத் திறந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெடியன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மதாம், இதை மற்றப் பக்கத்தால் திறக்க வேண்டும்" என்று பிரெஞ்சில் சொன்னான். நான் கடைசிப் பக்கத்து விளம்பரத்தைத்தான் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதை மகனுடைய கட்டிலில் வைத்தேன். இரண்டாவது மாதத்துச் சஞ்சிகையையும் அதன் மேலேயே வைத்திருப்பேன். ஆனால் அன்று மழை பெய்தது, வெளியே போக இடமும் இல்லை. கட்டிலில் இருந்துகொண்டு சரியான பக்கத்தால் புரட்டத் தொடங்கினேன்.

முக்கால்வாசி வாளும் நெருப்பும்தான். நடுவில் ஒரு கதை மட்டும் அமைதியாக இருந்தது. காடு தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன மருந்துக்கடை. அதில் ஒரு பெண். போர்வீரர்கள் வருகிறார்கள், குப்பிகளில் மருந்து வாங்குகிறார்கள், காட்டுக்குள் போகிறார்கள். அவள் வாசலைக் கூட்டுகிறாள். ஒரு பக்கம் முழுக்க வெறும் வாசல்தான் இருந்தது. ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் நான் அந்தக் கதையை விடவில்லை. புருஷனோ பிள்ளையோ காட்டுக்குள் போயிருக்க வேண்டும், அந்த வழியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பான். எனக்குப் பின்னேரம், அவனுக்கு விடிந்திருக்கும். "சாப்பிட்டியோ?" என்று கேட்டால் "ஊய்", ஓம் என்பான். "வேலை எப்படி?" என்றால் "சா வா", பரவாயில்லை என்பான். அதற்கு மேல் இருவருக்கும் கதை இருக்காது. ஒரு ஞாயிறு கேட்க ஒன்றும் இல்லாமல்போய், "தம்பி, அந்த மருந்துக்கடைக்காரி ஆர்?" என்று கேட்டுவிட்டேன்.

"எந்த மருந்துக்கடை? உங்களுக்குச் சுகமில்லையோ?"

"இல்லையடா, உன்ரை புத்தகத்திலை. காட்டுக்குப் பக்கத்திலை கடை வைச்சிருக்கிறவ."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. அவன் அப்படிச் சிரித்துக் கேட்டு நாளாகியிருந்தது.

"நீங்கள் அதை வாசிக்கிறீங்களோ அம்மா?"

"வாசிக்கிறதோ, பாக்கிறன்."

அவன் சொன்னான்: அது ஏற்கெனவே இருக்கிற ஒரு விளையாட்டிலிருந்து எடுத்த கதை. விளையாட்டில் அவள் ஒரு ஆளே இல்லை. விளையாடுகிறவன் பக்கத்தில் போய்ப் பொத்தானை அழுத்தினால் மருந்து தருவாள், ஒரே ஒரு வசனம் சொல்லுவாள். அவளை வைத்துத்தான் யாரோ கதை கீறுகிறார்கள்.

"என்ன சொல்லுவா?"

"'கவனமாய்ப் போயிட்டு வாங்கோ' எண்டு. எப்பவும் அதுதான்."

"போனவை திரும்பி வருவினமோ?"

"அது விளையாடுற ஆளைப் பொறுத்தது."

"அப்ப ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறா?"

"ஆரையும் இல்லை அம்மா. அவ அங்கை நிக்கிறவ. அவவுக்கு அதுதான் வேலை."

அன்று பேசிக்கொண்டே இருந்தோம். அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்து மணக்கிற வரைக்கும் நான் எழும்பவில்லை.

அதன் பிறகு கொஞ்ச மாதங்கள் நன்றாகப் போயின. அதே சஞ்சிகையைத் தன் தொலைபேசியில் எடுத்து அவன் வாசிப்பான். நான் தாள் சஞ்சிகையை விரித்து வைத்திருப்பேன். பக்கம் பக்கமாகச் சொல்லுவான். ஜப்பான் மொழியைப் பிரெஞ்சாக்கி, அதைத் தமிழாக்க முயன்று, சொல் கிடைக்காமல் நிற்பான். ஒருநாள் அவள் மருந்துக்கு எதையோ சுரண்டி எடுக்கிற இடம்.

"அது என்ன அம்மா, பாறையிலை பச்சையாய், ஈரமாய் இருக்குமே?"

"பாசி."

"பாசி" என்று சொல்லிப் பார்த்தான். "நான் முழுநாளும் அதைத்தான் கீறுறன். தமிழிலை பேர் தெரியாமல் இருந்திருக்கிறன்."

அவன் என்ன வேலை செய்கிறான் என்பது அன்றுதான் எனக்கு உண்மையாகத் தெரிந்தது. கனடாவில் ஒரு மேசையில் இருந்து என் மகன் பாறைகளுக்குப் பாசி கீறுகிறான். சேலைக்கடையில் கூட நிற்கிற பெண்ணிடம் சொன்னேன். "உதுக்கும் சம்பளம் குடுப்பினமோ அக்கா?" என்று கேட்டாள்.

நொயெலுக்கு அவன் வரவில்லை. விளையாட்டு வெளிவரும் நேரமாம், ஒருவருக்கும் விடுமுறை இல்லையாம். எபினேயில் தங்கை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் தவறத் தொடங்கின. எடுத்தாலும், "இந்த மாதம் வாசிக்கேல்லை அம்மா, நேரமில்லை" என்பான். நான் வற்புறுத்தவில்லை. வேலை செய்கிற பிள்ளையிடம் படக்கதை வாசி என்று எப்படிக் கேட்பது?

ஆனால் கதை நிற்கவில்லையே. அடுத்த சஞ்சிகையைப் புத்தகக்கடையிலேயே பிரித்தேன். அவள் கடைக்கதவைச் சாத்துகிறாள். இத்தனை மாதத்தில் அந்தக் கடைக்குக் கதவு இருப்பதையே நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தைக் காட்டி, இங்கே என்ன எழுதியிருக்கிறது என்று அந்த ஜப்பானியப் பெண்ணிடம் கேட்டேன்.

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டார். "நான் இதை வாசிக்கிறதில்லை, விற்கிறதோடு சரி" என்று முதலில் சொன்னார். பிறகு குனிந்து வாசித்தார். கடையில் வேறு ஆள் இல்லை.

"'இன்றைக்கு ஒருவரும் வரவில்லை. நானே போய்ப் பார்க்கிறேன்' என்கிறாள்."

பக்கத்தைத் திருப்பினார். ஒரு பையை முதுகில் போட்டுக்கொண்டு அவள் காட்டுக்குள் நடக்கிறாள். இருட்டு, மரங்கள், பிறகு இன்னும் மரங்கள்.

"யாரைக் காண்கிறாள்?"

"ஒருவரையும் இல்லை. நடக்கிறாள். இதோடு முடிந்தது என்று போட்டிருக்கிறது."

இரண்டு பேரும் அந்தக் கடைசிப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். "ஆரம்பத்திலிருந்து வாசித்திருக்கலாம் போல" என்றார் அவர். வீட்டில் எல்லாச் சஞ்சிகைகளும் இருக்கின்றன, கொண்டுவந்து தரட்டுமா, பக்கத்தில் எங்காவது ஒரு கோப்பி குடிப்போமா என்று கேட்கப் பிரெஞ்சில் வசனத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் பாடசாலைப் பிள்ளைகள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினார். நான் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

மகன் ஆடி மாதம்தான் வந்தான். றொவாசி விமான நிலையத்தில் கண்டபோது மெலிந்திருந்தான், தாடி வளர்த்திருந்தான். வந்த களைப்பில் சஞ்சிகைகளைக் கட்டிலிலிருந்து நிலத்துக்கு இறக்கிவிட்டுப் படுத்தவன், அநேகமாக இரண்டு நாள் நித்திரை. பிறகு நண்பர்களைப் பார்க்கப் போனான். போவதற்கு முதல்நாள் குசினியில் வந்து நின்றான்.

"அந்தக் கதை முடிஞ்சுதோ அம்மா? நான் நடுவிலை விட்டிட்டன்."

"முடிஞ்சுது."

"என்ன நடந்தது?"

அவனுக்கு அதைத் தொலைபேசியில் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஆனாலும் கேட்டான். நான் கத்தரிக்காயை வெட்டிக்கொண்டே, அவன் விட்ட இடத்திலிருந்து சொன்னேன். மழைக்காலம் வந்தது, வீரர்கள் வருவது குறைந்தது, குப்பிகள் அலுமாரித் தட்டில் நிறைந்தன, அவள் கதவைச் சாத்தினாள், காட்டுக்குள் நடந்தாள். படங்களில் பார்த்ததைத்தான் சொன்னேன். அவன் சுவரில் சாய்ந்து, ஒரு தடவைகூடத் தொலைபேசியைப் பார்க்காமல் கேட்டான்.

"போய்?"

"அவ்வளவுதான். போறா."

"நல்லாயிருக்கு" என்றான். அதைத் தமிழில் சொன்னான்.

சஞ்சிகைகளை அவன் கொண்டுபோகவில்லை. பெட்டியில் இடமில்லை, எல்லாம் தொலைபேசியிலேயே இருக்கிறது என்றான். சந்தாவும் முடிந்துவிட்டது. றொவாசியில் அவனை அனுப்பிவிட்டு ரயிலில் திரும்பும்போது, கூசேன்வில் பக்கம் வீடுள்ள ஒரு தெரிந்த அண்ணையைக் கண்டேன். விமான நிலையத்தில் வேலை முடிந்து நகரத்துக்குச் சாமான் வாங்கப் போகிறவர்.

"மகன் போயிட்டானோ?"

"ஓம் அண்ணை, இப்பதான் ஏத்திவிட்டிட்டு வாறன்."

"இனி எப்ப வருவான்?"

"சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை."

அவர் தலையாட்டிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கார் து நோர் நிலையத்தில் அவரோடு இறங்கினேன்.

அடுத்த ஞாயிறு மகன் எடுத்தான். சுகமாகப் போய்ச் சேர்ந்ததாகச் சொன்னான்.

"அங்கை குளிரோ தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லை அம்மா, இப்ப கோடை" என்றான். பிறகு, வெயில் எப்படி எரிக்கிறது என்று கொஞ்ச நேரம் சொன்னான்.