அக்காவுக்கு இரண்டடி பின்னால்

1969ஆம் ஆண்டு மே மாதம் பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலே கால் மணி. கத்திரி தொடங்கி எட்டாம் நாள். கொளவாய் ஏரிப் பக்கமிருந்து திரண்டு வந்த மேகம் செங்கல்பட்டு ஸ்டேஷன்மேல் வந்து நின்று, ஒரு சொட்டும் போடாமல் புழுக்கத்தை மட்டும் இறக்கிவிட்டிருந்தது. எங்கள் ரயில்வே குடியிருப்பு மனமகிழ் மன்றத்தின் தகரக் கூரைக் கூடத்தில் ஆர்மோனியத் துருத்தியின் பழைய தோல் வாசனையும் இருபத்தாறு பேருடைய வியர்வை வாசனையும் கலந்து கிடந்தன. இருபத்தாறு என்று எப்படித் தெரியும் என்றால், எண்ணினேன். அப்போது எனக்குப் பத்து வயது. எதைப் பார்த்தாலும் எண்ணுவேன், இப்போதும் அப்படித்தான். பெஞ்சுகள் பதினான்கு, மின்விசிறிகள் இரண்டு, ஓடியது ஒன்று. அந்த இருபத்தாறு பேரில் பெண் ஒருத்திதான். அவள் என் அக்கா வசந்தா, பதினைந்து வயது.

மன்றத்தார் ஆண்டுக்கொரு நாடகம் போடுவார்கள். பெண் வேடத்துக்கு மட்டும் மதராஸிலிருந்து ஒரு நடிகையை ரயிலில் வரவழைத்து, சாப்பாடு போட்டு, கையில் தொகையைக் கொடுத்துக் கடைசி ரயிலில் ஏற்றி அனுப்புவது வழக்கம். சொந்த வீட்டுப் பெண்கள் பாயில் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. அந்த ஆண்டு வந்த புதுச் செக்ரட்டரி இந்த வழக்கத்தை மாற்றுவதாகச் சொல்லி, 'குடும்பத்தாரும் செலக்‌ஷனுக்கு வரலாம்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டார். ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் மூன்று மாப்பிள்ளைகள் பெண் பார்க்க வந்துவிடும் சிரிப்புக் கதைதான் அந்த ஆண்டு நாடகம். மொத்தம் பன்னிரண்டு பாட்டு, பதினொன்று சிரிப்புப் பாட்டு, ஒன்று சோகப் பாட்டு. மூன்று பேரும் கோபித்துக்கொண்டு போனபின் பெண் தனியாக நின்று பாடும் அந்த ஒன்றைத்தான் அக்கா எடுத்துக்கொண்டாள்.

அவள் பாடுவாள் என்பது குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும். குழாயடியில் அவள் முறை வந்தால் பின்னால் நிற்பவர்கள் அவசரப்படமாட்டார்கள். பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்த்த எங்கள் நைனா, 'மேடையா, அதெல்லாம் வாணாம்' என்று மூன்று நாள் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, நான்காம் நாள் ஒன்றும் சொல்லாமல் டியூட்டிக்குப் போனார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட அம்மா, ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"தம்பிய தொணைக்கு இட்டுகினு போ. டேய், அவ முதுக வுட்டு நவுராத."

பாட்டில் ஓர் இடம் அவளுக்குச் சிக்கலாக இருந்தது. ஐந்தாம் அடி முடிந்ததும் குரல் நிற்க வேண்டும். ஆர்மோனியம் மட்டும் எட்டு எண்ணிக்கைக்குப் போகும். ஒன்பதாவதில் அவள் எடுக்க வேண்டும். அவள் ஆறிலேயே எடுத்துவிடுவாள். அதனால் பத்து நாளாக வீட்டில் நான் அவளுக்குப் பின்னால் நின்று எட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது, "அங்க வந்து கத்தி எண்ணாதடா, வாய்க்குள்ள எண்ணு, எனக்குத் தெம்பா இருக்கும்" என்றாள்.

நான் அக்கா சொன்னதைச் செய்தேன். இதை இன்றைக்கும் அழுத்திச் சொல்வேன், சொன்னதைத்தான் செய்தேன். அக்கா முன்னால் நிற்க, நான் இரண்டடி பின்னால் நின்று, முதல் அடியிலிருந்தே எண்ணத் தொடங்கினேன். சத்தம் வரக்கூடாது என்றதால் உதடு பெரிதாகத் திறந்தது. உதடு போதாமல் விரல் வந்தது. விரலோடு தோளும், தோளோடு முழங்காலும் சேர்ந்துகொண்டன. இரண்டாம் அடியில் யாரோ சிரித்தார்கள். மூன்றாம் அடியில் நான்கைந்து பேர். சிரிப்பு நாடகத்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில் சிரிப்பு வந்தால் நல்லதுதானே, அக்கா ஜெயித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து இன்னும் மும்முரமாக எண்ணினேன். ஐந்தாம் அடி முடிந்து எட்டுக்கு அவள் நின்றபோது கூடமே சிரித்தது. செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எட்டு முடித்து, ஒன்பது சொல்லி, பத்து சொன்னேன். அக்கா எடுக்கவில்லை. தலை குனிந்துகொண்டாள். பதினேழு வரை எண்ணிய பிறகுதான் அவள் இனி எடுக்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

"போதும் பாப்பா, நீ போய் குந்து" என்றார் செக்ரட்டரி. "அந்தப் பையன் மட்டும் இருக்கட்டும். டேய், உன் பேரு இன்னா?"

எனக்கு வேடம் கொடுத்தார்கள். விருந்து வீட்டில் எச்சில் இலையை எண்ணும் வேலைக்காரச் சிறுவன். எதற்காகக் கொடுத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை; நான் பாடக்கூட இல்லையே. பெண் வேடத்துக்கு வழக்கம்போல மதராஸிலிருந்தே ஆள் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அம்மாவிடம், "என் கொரலு சிரிப்பா கீதும்மா" என்றாள். அழவில்லை, கடையில் அரிசி இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். சின்னப் பையனை ஒத்திகைக்குத் தனியாக அனுப்ப முடியாதென்று அம்மா அவளையே எனக்குத் துணையாக அனுப்பினாள். பத்தொன்பது ஒத்திகைகளுக்கும் அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பின்னல் ஊசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் ஒத்திகையில் செக்ரட்டரி என்னைத் தனியே அழைத்து, "அன்னிக்கு உங்க அக்கா பின்னால நின்னுகினு ஒண்ணு பண்ணியே, அத்த அப்படியே பண்ணு. அதுக்குத்தான உன்ன எடுத்தோம்" என்றார். அப்போதுதான் புரிந்தது. கடைசி பெஞ்சைப் பார்த்தேன். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம், இருபதடி தூரம்கூட இல்லை. சொன்னால் அவள் என்னை அழைத்து வரமாட்டாளோ, வேடம் போய்விடுமோ என்று பயம். நாளை சொல்லலாம் என்று நினைத்தேன். நாடகத்தில் எனக்கு ஐந்து முறை கைதட்டல் விழுந்தது. அதன்பின் குழாயடியில் அக்காவின் முறை வந்தால் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான் கேட்கும். அவள் பிறகு பாடி நான் கேட்டதில்லை, அவளுடைய இரண்டு பிள்ளைகளைத் தூளியில் ஆட்டியபோதுகூட.

ஐம்பத்தாறு ஆண்டுகள். அத்தான் கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, புதுப்பட்டினத்தில் வீடு கட்டி, காலமும் ஆனார். சென்ற மாதம் அக்கா போன் செய்தாள்.

"டேய், இங்க குடியிருப்புல பசங்க பாட்டு நாடகம் போடறாங்களாம், காமெடி. ஆடிஷனாம். வயசு வித்தியாசம் இல்லியாம். என் கொரலுக்கு அதான் சரி. தொணைக்கு வா."

அந்த 'அதான் சரி' என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் நினைத்துக்கொண்டே போனேன், அக்காவோடு ஏறிய ஷேர் ஆட்டோவிலும் நினைத்தேன், சொல்லவில்லை. குளிர்சாதன வசதி உள்ள கூடம், நாற்காலிகள் அறுபது, தேர்வு செய்பவர்கள் மூன்று பேர், மூவருக்கும் முப்பது வயது இருக்காது. நான் அக்காவுக்குப் பின்னால் நாற்காலியில், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டேன்.

அவள் அதே பாட்டை எடுத்தாள். ஓரெழுத்து மறக்கவில்லை. குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது, அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் அதைக் கவிழ்த்து வைத்தாள். ஐந்தாம் அடி முடிந்தது. ஆர்மோனியம் இல்லை, வெறும் மௌனம்தான். எழுபத்தொரு வயதில் எட்டு பிடிபடவில்லையோ என்னவோ, அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். கேட்கிறாள் என்று நினைத்து எண்ணத் தொடங்கிவிட்டேன். கை எப்போது வெளியே வந்தது, தோள் எப்போது ஏறியது, எனக்குத் தெரியாது. ஐந்து எண்ணுவதற்குள் அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் நான் இலை எண்ணிப் பார்த்திருக்கிறாள்; தன் பாட்டுக்கு எண்ணுவதை முதல் முறையாகப் பார்க்கிறாள். அன்றைக்கு அவள் முதுகுதானே என் பக்கம் இருந்தது.

"நீயாடா?" என்றாள்.

தேர்வு செய்த பையன் ஒருவன் எழுந்து, "சார், நீங்க எந்த ரோலுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டான்.

"அவனுக்கு ஒரு ரோலும் வாணாம்பா, அவன வெளிய அனுப்பு" என்றாள் அக்கா. "நான் மொதல்லருந்து பாடறேன்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். ஐந்தாம் அடி முடிந்தது. நான் எண்ணவில்லை. அவள் எப்போது எடுத்தாள் என்று அதனால் சொல்ல முடியாது.

பெயர்களை வாட்ஸ்அப்பில் போடுவார்களாம். வெளியே வந்தவள் நேராக எதிரே இருந்த காபிக் கடைக்கு நடந்து, காபியும் ஒரு தட்டு போண்டாவும் சொன்னாள். உட்கார்ந்ததும், "எப்பலருந்து தெரியும்?" என்றாள்.

"மூணாவது ஒத்திகைலருந்து."

காபி ஆறும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இன்னிக்கு செலவு பூரா உன்னுது" என்றாள். "இன்னொரு தட்டு போண்டா சொல்லு."

அது கோபமா, தீர்ந்துபோனதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மாலை செங்கல்பட்டில் இறங்கி, மன்றம் இருந்த இடத்தின் வழியாகத்தான் நடந்து வந்தேன். கூடம் போய், இருசக்கர வாகனம் நிறுத்தும் கொட்டகை வந்து நெடுநாளாகிறது. அக்கா குனிந்து நின்ற இடத்தில் ஸ்கூட்டர் ஒன்று சாய்ந்து நின்றது. வீட்டுக்கு வந்து, பஸ் போக வர எழுபத்தாறு, ஷேர் ஆட்டோ இருவருக்கும் நாற்பது, ஆடிஷன் படிவம் ஐம்பது, காபி நாற்பது, போண்டா இரண்டு தட்டு அறுபது என்று எழுதிக் கூட்டினேன். இருநூற்று அறுபத்தாறு ரூபாய்.