வாட்டர் பெல் அடித்த பிறகு

போன செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியடு. போர்டில் ஒரு கணக்கை எழுதிவிட்டு மேலே பார்த்தேன்... சீலிங்கில் வெளிச்சம் நீந்திக்கொண்டிருந்தது.

பள்ளி திறந்து ஒரு வாரம்தான் ஆகிறது. ஜன்னல் வெயில், டெஸ்க் மேல் வரிசையாக நின்ற தண்ணீர் பாட்டில்களில் பட்டு, நீலமும் பச்சையுமாக மேலே ஏறியிருந்தது. பிள்ளைகள் எழுத எழுத டெஸ்க் ஆடும், வெளிச்சமும் ஆடும். எட்டாம் வகுப்பு மொத்தமும் கண்மாய்க்கு அடியில் உட்கார்ந்து கணக்குப் போடுவது போல இருந்தது. சாக்பீஸைப் பிடித்தபடி நானும் கொஞ்ச நேரம் அதில் மிதந்தேன். கணக்கு டீச்சர் கனவு காணக் கூடாதா, என்ன?

கனவைக் கலைத்ததும் ஒரு கணக்குதான். தண்ணீர் குடிக்கச் சொல்லும் வாட்டர் பெல் அடித்துக் கால் மணி நேரம் ஆகிவிட்டது. அப்புறம் எப்படி எல்லா பாட்டிலும் கழுத்து வரை நிறைந்திருக்கிறது?

உங்களுக்குத்தான் தெரியுமே — ஜூன் பிறந்தால் எனக்கு உபதேச ஜுரம் வந்துவிடும். இந்த வருஷமும் முதல் நாளே லிஸ்ட் போட்டேன். சாப்பிடாமல் வராதே. நேரத்தோடு தூங்கு. பெல் அடித்தால் தண்ணீர் குடி. கடைசியாக என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்று — பாத்ரூமுக்கு ஒரு நேரத்தில் ஒருத்திதான் போக வேண்டும். கையில் ஒரு மர அட்டை, அதுதான் பாஸ். ஜோடி சேர்ந்து போய் வராந்தாவில் அரட்டை அடிப்பதற்கு அதோடு முற்றுப்புள்ளி. ஸ்டாஃப் ரூமில் பாராட்டுகூடக் கிடைத்தது.

முதல் பெஞ்சில் ஜெனிட்டா. செக்கானூரணியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். பக்கத்தில் போய் விசாரித்தேன். நீர்க்கடுப்பாம். மூன்று நாளாக எரிச்சல். பெல் அடித்தபோது அவள் பாட்டிலை வாயில் வைத்ததை நானே பார்த்தேன். ஒரு மடக்குகூட உள்ளே போகவில்லை என்பது இப்போதுதான் புரிந்தது.

ஏன் குடிக்கவில்லை என்று சிடுசிடுப்பாகவே கேட்டேன். அவள் பக்கத்துப் பெண்ணைப் பார்த்தாள். அப்புறம் டெஸ்கைப் பார்த்தாள்.

"குடிச்சா போகணும்ல மிஸ்... அங்க தாழ்ப்பா கிடையாது. ஒருத்தி கதவப் புடிச்சுக்கிட்டு நின்னாத்தான் போக முடியும். நீங்கதான் ஒத்தையா போகச் சொல்லிட்டீகளே."

கோபமே இல்லாமல் சொன்னாள். அதனால்தான் சுருக்கென்று தைத்தது. ஜோடியாகப் போனது அரட்டைக்கு இல்லை, காவலுக்கு! இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பள்ளியில் இருக்கிறேன். பிள்ளைகளின் பாத்ரூம் பக்கம் ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. டீச்சர்களுக்குத் தனி பாத்ரூம். அதற்குப் பூட்டு, சாவி எல்லாம் உண்டு. வெட்கமாக இருந்தது.

மர அட்டையை டிராயரில் போட்டு மூடினேன். நேராகத் தலைமை ஆசிரியையிடம் போனேன். நல்ல மனுஷி, உடனே போன் போட்டார். தாழ்ப்பாள் போட ஆசாரி நாளைக் காலையில் வருவாராம். ஜெனிட்டாவின் அம்மாவை அழைத்து, சாயங்காலமே டாக்டரிடம் காட்டச் சொன்னேன். எல்லாம் சரி... அந்த எரிச்சல் நாளை வரை காத்திருக்குமா?

அரை பாட்டில் தண்ணீரைக் குடிக்க வைத்து, நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வேப்பமரத்தில் காற்று. சின்ன வகுப்புப் பிள்ளைகள் ராகம் போட்டு வாய்ப்பாடு சொல்வது எங்கிருந்தோ வந்தது. ஏழெட்டு ஐம்பத்தாறு... ஏழொன்பது அறுபத்து மூணு... என் மனசு மெல்ல அதன் பின்னாலேயே போய்விட்டது.

"மிஸ், நிக்கிறீகளா?"

நிற்கிறேன் என்று சொன்னேன். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"மிஸ்... நிக்கிறீகளா?"

என் மேல் அவளுக்கு அவ்வளவுதான் நம்பிக்கை. நியாயம்தானே?